முடிவு சொல்லாமல் பார்த்த படம்

என்னை எப்போதும் முந்திக்கொண்டு போகிற அக்காவுக்கு,

மலையில் நல்ல மழை. கோமுகி அணை நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டார்கள். மாமாவின் கரும்பு ஆள் உயரம் தாண்டி நிற்கிறது. கதிர் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான். குரல் உடைந்து, போனில் பேசினால் மாமாவா அவனா என்று எனக்கே குழப்பம். இனியா நான்காவது. இன்னும் ஊர்ச் சேதிகளை வரிசையாகச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வரலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எனக்கு ஏது அவ்வளவு பொறுமை? நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று போன வாரம் என் தலையில் விழுந்தது. ராட்சத மிருகம் வருகிற ஒரு படத்துக்கு உன் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா, கூடாதா?

படம் கள்ளக்குறிச்சியில் ஓடுகிறது. ஏரிக்குள்ளிருந்து ஒரு பிராணி எழுந்து வந்து ஊரைத் துவம்சம் செய்கிற கதை. பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க அதன் வாய்தான். கதிர் சினேகிதர்களோடு போகிறேன் என்றான். உடனே இனியா, "நானும்" என்றாள். வகுப்பில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்களாம். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் அதைப் போலவே உறுமிக் காட்டுகிறார்களாம். இவளுக்கு மட்டும் எப்படி உறுமுவது என்று தெரியவில்லையாம்.

மாமாவிடம் கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும் செல்வி? இதெல்லாம் உங்கக்காதான் பாத்துக்கும். நீயே பாத்து சொல்லு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரும்புக் கொல்லைக்குக் கிளம்பிவிட்டார். நீ இருந்தபோதும் அவர் இப்படித்தான். அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

இப்போது சான்றிதழிலேயே வயதைப் போட்டுவிடுகிறார்கள், அக்கா. இந்தப் படத்துக்குப் பதின்மூன்று. அதற்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் பெற்றோர் யோசித்து முடிவு செய்ய வேண்டுமாம். கதிர் தப்பித்தான். இனியாவுக்கு ஒன்பதுதான். பெற்றோர் என்று அதில் போட்டிருப்பது யாரை? ஒருவர் இல்லை. இன்னொருவர் என்னைக் கை காட்டிவிட்டுக் கரும்புக்குள் போய்விட்டார்.

உன் வழி எனக்குத் தெரியும். எந்தப் படமானாலும் நீதான் முதலில் போய்ப் பார்ப்பாய். வந்து எங்களை உட்காரவைத்து, மல்லாட்டைத் தோலை உரித்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டே முடிவை முதலில் சொல்லிவிடுவாய். "அந்தப் பூதம் கடைசில செத்துடும். அந்தப் புள்ள பொழச்சிக்கும். இப்ப போய் பாருங்க, பயமே வராது." மற்ற வீடுகளில் முடிவைச் சொன்னால் அடிக்க வருவார்கள். நம் வீட்டில் முடிவு தெரியாமல் யாரும் டிக்கெட் வாங்கியதில்லை. உன் பிள்ளைகளையும் அப்படியே பழக்கிவிட்டாய். டிவியில் எந்தப் படம் போட்டாலும் இனியா கேட்கிற முதல் கேள்வி, "முடிவு இன்னா மா?"

சரி, உன் வழியிலேயே போகலாம் என்று தையல் கடையை அரை நாள் பூட்டிவிட்டு மேட்னிக்குப் போனேன். டிக்கெட் கொடுத்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தனியாவா வந்துகிறீங்க? இது குடும்பப் படம் இல்லைங்க. சும்மா கத்திக்கினே இருக்கும்."

"நானும் கத்துவேங்க" என்றேன். சொன்னபடியே கத்தினேன். முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ரத்தம் கம்மி, சத்தம் ஜாஸ்தி. இரண்டொரு கெட்ட வார்த்தை, கதிர் கிரிக்கெட் விளையாடும்போது விடுவதைவிட மோசமில்லை. மிருகம் முழுசாகத் தெரிந்தபிறகு பயம் போய்விட்டது, பாதிச் சிரிப்பு. தெரியாமல் இருக்கும்போதுதான் கத்தினேன். ஆள் உயரப் புல் ஆடும், அவ்வளவுதான் காட்டுவார்கள். உன் வீட்டுக்குப் போகிற வழியின் இரண்டு பக்கமும் கரும்பு நிற்பதை நினைத்துக்கொண்டேன். நாளைக்குக் கரும்புச் சோகை சலசலத்தால் இந்தப் பெண் பள்ளிக்கூடம் போகுமா?

ஆனால் என்னை யோசிக்க வைத்தது மிருகம் இல்லை. கதையில் ஒரு அம்மாவும் மகளும் வருகிறார்கள். நடுவில் அந்த அம்மா ஏரித் தண்ணீரோடு போய்விடுகிறாள். மகள் கரையிலேயே காத்துக்கிடக்கிறாள். எல்லாம் முடிந்தபிறகு, உடம்பெல்லாம் சேறாக அந்த அம்மா நடந்து வருகிறாள். அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் அழுகைதான் வந்தது.

பஸ்ஸில் கச்சிராயபாளையம் வரும்வரை இதே யோசனைதான். அம்மா திரும்பி வருவதைப் பார்த்தால் இனியாவுக்கு ஆறுதலாக இருக்குமா, ஆறாத புண்ணைக் கீறிவிட்டது போல் ஆகுமா? நீ போனதிலிருந்து அவள் யாரையும் தலை பின்ன விடுவதில்லை, உனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இரட்டைச் சடை போடச் சொல்கிறார்கள். இவள் முடியை அள்ளி ஒரு ரப்பர் பேண்டில் மாட்டிக்கொண்டு போகிறாள். டீச்சரும் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார். சீப்போடு நான் கிட்டே போனால் எழுந்து ஓடிவிடுவாள். அப்படிப்பட்டவளை எந்த நம்பிக்கையில் அந்தப் படத்தின் முன்னால் உட்கார வைப்பது? கடைசியில், முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சமாளித்துக்கொள்வாள் என்று தீர்மானித்தேன். உன் கணக்குத் தப்பாது என்ற தைரியம்தான்.

சாயங்காலம் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். மல்லாட்டைகூட வாங்கிப் போயிருந்தேன்.

"இங்க பாருங்க, மொதல்ல முடிவ சொல்லிடறேன். அந்த மிருகம்..."

"சொல்லாத சித்தி" என்றாள் இனியா.

"சொன்னாதான பயம் வராது? உங்கம்மா எப்பவும் அப்பிடித்தான..."

"அம்மா சொன்ன முடிவு வர்ல இல்ல?"

அவள் அழவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மல்லாட்டையை உடைத்தபடி, ஸ்கூலில் நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். கதிர் தலையைக் குனிந்துகொண்டான். 

உனக்கு நினைவிருக்கும். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக நீ காரில் ஏறிய அன்று, இனியா கதவைப் பிடித்துக்கொண்டு, படத்துக்குக் கேட்பது போலவே கேட்டாள், "முடிவு இன்னா மா?" நீயும் சிரித்துக்கொண்டே சொன்னாய், "முடிவு இன்னா முடிவு? வூட்டுக்கு வந்து உனக்கு ரெட்ட சடை பின்னி வுடுவேன். அவ்ளோதான் கதை." நான் பையை மடியில் வைத்துக்கொண்டு உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீ வீட்டுக்கு வந்தாய், அக்கா. வந்தபோது உன்னால் பின்னிவிட முடியவில்லை.

எனக்கு உன்மேல் கோபம் வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தக் குழந்தையிடம் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும் என்று உன் பக்கமும் நானே பேசிக்கொண்டேன். ஒன்றுதான் தெரியவில்லை. அன்றைக்கு நீ நம்பித்தான் சொன்னாயா? இல்லை, தெரிந்தும் சொன்னாயா?

இனியா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ பயந்தியா சித்தி?"

"நல்லா பயந்தேன்."

"எங்க?"

"புல்லு ஆடற எடத்துல. சத்தம் போட்டு கத்திட்டேன். அப்பறம் இன்னொரு எடத்துல அழுவ வந்துச்சி. அங்க மிருகம் இல்ல."

இன்னொரு மல்லாட்டையை உடைத்தாள். "நடுவுல பயமா இருந்தா வெளிய வந்துடலாமா?"

"எப்ப வேணா வந்துடலாம். எந்திரிச்சா போதும், நானும் எந்திரிச்சிடுவேன்."

"அப்ப போலாம். முடிவ மட்டும் சொல்லாத."

முடிவானது இப்படித்தான். சான்றிதழில் போட்ட வயதும் இல்லை, நான் மேட்னியில் பார்த்துச் சேர்த்துவைத்த கணக்கும் இல்லை. நடுவில் எழுந்து வரலாம், கூடவே ஒருத்தி எழுந்து வருவாள் என்பது அவளுக்குப் போதுமாக இருந்தது. இது சரியா என்று உன்னிடம் கேட்க வழியில்லை. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

ஞாயிற்றுக்கிழமை போனோம். கதிர் தன் சினேகிதர்களோடு இரண்டு வரிசை முன்னால் தனியாக உட்கார்ந்தான். புல் ஆட ஆரம்பித்ததும் அந்தப் பெரிய மனுஷர் காலைத் தூக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டார். இடைவேளை முடிந்து பார்த்தால் எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான். "அங்க ஏசி ஜாஸ்தி" என்றான். இனியா என் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு ஒரு கண்ணால் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா சேறும் சகதியுமாக நடந்து வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, இவளைத்தான் பார்த்தேன். வாயில் இருந்த பாப்கார்னை மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

டவுன் பஸ் கள்ளக்குறிச்சியைத் தாண்டியபிறகுதான் பேசினாள்.

"சித்தி, அது படம் இல்ல? அதனாலதான் அந்த அம்மா வந்துடுச்சி."

"ஆமா."

"எங்கம்மா வராது."

கதிர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மேலே இருந்து பார்க்கிறாள், கூடவேதான் இருக்கிறாள் என்று எல்லோரும் சொல்கிற பதில்களெல்லாம் எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டன. விழுங்கிக்கொண்டேன்.

"வராது கண்ணு" என்றேன்.

"ம்" என்றாள். நீ போனபிறகு இதை அவளிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கீழே இறங்கும்வரை மெதுவாக உறுமிப் பழகினாள்.

அதன்பிறகு நடந்ததையும் கேள். பதின்மூன்று வயதைத் தாண்டிய உன் மகன், விடியற்காலையில் மோட்டார் போடப் போனவன், சோகைச் சத்தம் கேட்டுச் செருப்பை வரப்பிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தானாம். "படத்துக்கு போன புள்ளயா, பேய் அடிச்ச புள்ளயா?" என்று மாமா சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று! இப்போது அப்பாவும் மகனும் சேர்ந்துதான் மோட்டார் போடப் போகிறார்கள். இனியா அதே கரும்பு வழியாகத் தனியாக நடந்து, உறுமிக்கொண்டே, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய கோலத்தில் என் கடைக்கு வந்தாள். கையில் சீப்பு, இரண்டு ரிப்பன்.

"ரெட்ட சடை. இழுத்து பின்னாத, வலிக்கும்."

 தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டுப் பின்னினேன். பழக்கமில்லாததில் ஒரு பக்கம் தூக்கலாகப் போய்விட்டது. கடைக் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா பின்ற மாதிரி இல்ல."

"இல்லதான்."

"பரவால்ல" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

அக்கா, உன் பிள்ளைகள் பார்க்கும் படத்தை இனிமேலும் நான்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். கத்த வேண்டிய இடத்தில் கத்திவிட்டு வருவேன். ஆனால் அவர்களுக்கு முடிவு மட்டும் சொல்ல மாட்டேன். பக்கத்துச் சீட்டில் இருப்பேன். அவர்கள் எழுந்தால் நானும் எழுந்துவிடுவேன். உன்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது. நீ சொன்ன முடிவில் பாதியை என் கையால் பின்னி முடித்துவிட்டேன். தினமும் காலையில் பின்னுவேன்.

சடையை ஒருபக்கம் தூக்கிப் பின்னுகிற உன் தங்கை,
இனியாவுக்கும் கதிருக்கும் சித்தி,
செல்வி