ஜமீனின் மூச்சு

ஆகஸ்ட் 7, வியாழன்

மேலக்காற்று. மாடியில் காய்ந்த துணி முழுக்கப் புழுதி. அந்திக்கு ஜமீனுக்கு மறுபடி இருமல். பூனைக்கு ஜமீன் என்று பெயர் வைத்தவர் வாப்பா. இப்போது துரத்த நிற்பவரும் அவரே.

"தொண்டையில மீன் முள்ளுட்டி." உம்மா. வெறுஞ்சோற்றை உருட்டி அவன் வாயில் திணித்தாள். எங்கள் வீட்டில் யாருக்கு முள் சிக்கினாலும் இதுதான் வைத்தியம். ஜமீன் விழுங்கவில்லை. கீறினான்.

வாப்பா: "சீக்குப் பூனை. ஞாயித்துக்கெழம ஏரல் மீன் சந்தையில விட்டுட்டு வந்துருதேன்."

நான் அவன் இருமலைப் போனில் வீடியோ படம் பிடித்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

திரும்பத் திரும்ப அதே படம். முள் என்றால் வாயைத் தேய்ப்பான், எச்சில் ஒழுகும். முடி உருண்டை என்றால் கடைசியில் கக்குவான். இவன் தரையோடு தாழ்ந்து, கழுத்தை நீட்டி, முழங்கை விரித்து. வயிறு துருத்தி போல. வெளியே எதுவும் வரவில்லை. பிறகு எழுந்து மீன் கேட்கிறான்!

படத்தின் ஓரத்தில் வெள்ளைப் படலம். அழுக்கு என்று திரையைத் துடைத்தேன். போகவில்லை.

புகை. மலக்குகள், அதாவது வானவர்கள், வருவார்கள் என்று வியாழன்தோறும் உம்மா வீடெங்கும் காட்டும் சாம்பிராணி. போன தடவை இருமியதும் வியாழன்.

ஆகஸ்ட் 9, சனி

பாளையங்கோட்டை, கால்நடை டாக்டர். கூடைக்குள் ஜமீன், வழியெல்லாம் வசவு.

படம் பார்த்தார். "முள்ளுன்னு யாரு சொன்னா?"

"உம்மா."

"நீங்க என்ன நெனைக்கீங்க?"

"ஆஸ்துமா."

அவர் சிரிக்கவில்லை. "இருக்கலாம். ஆனா இதுதான்னு காட்டத் தனி டெஸ்ட் கெடையாது. மத்ததையெல்லாம் ஒவ்வொண்ணாத் தள்ளணும்."

இதயம் கேட்டார். புழுவுக்கு மலம் பார்த்தார்கள். எக்ஸ்ரே. முள் இல்லை. நுரையீரலில் நீர் இல்லை. மூச்சுக்குழாய்ச் சுவர்கள் மட்டும் தடித்து, சின்னச் சின்ன வெள்ளை வளையங்கள்.

"சரியாப் பிடிச்சிருக்கீங்க."

மாத்திரை. முகமூடி வைத்த இன்ஹேலர். புகை கூடவே கூடாது.

பாளையங்கால்வாய் தாண்டும்போது சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வாப்பா சட்டை மாட்டிக் கூடையை எடுத்தார். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

"முள்ளக் காட்டுங்க வாப்பா."

வெகுநேரம் தேடினார். "பூனைக்கு இளைப்பா? ஊரே சிரிக்கும்ட்டி."

"சிரிக்கட்டும்."

கூடையைப் பைய இறக்கி வைத்தார். உம்மா ஜமீனைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காற்று இல்லை. உம்மா சாம்பிராணிச் சட்டியோடு தெருமுனைக்குப் போனாள். "மலக்குமாரு அங்கனயே மணம் பிடிச்சுட்டு வரட்டும்."

இருமல் இல்லை. வாப்பா மடியில் ஜமீன், மூக்கில் முகமூடி. "இழுலே. இன்னும் ஒண்ணு. ஏலே, சொல்லுதேம்லா!"

மடியை விட்டு அவன் இறங்கிய கொஞ்ச நேரத்தில் அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம். போய்ப் பார்த்தேன். அலமாரி உச்சியில் ஜமீன். வாயில் முழுச் சாளை மீன், முள்ளோடு.