ஜைத்தூன் அக்காவைக் குளிப்பாட்டிய நாள்

என் ஜைத்தூன் அக்காவுக்கு,

உன்மேல் அல்லாஹ்வின் சாந்தி இறங்கட்டும். அடக்கம் செய்யும் கபரஸ்தானுக்குப் பெண்கள் போகும் வழக்கம் நம் ஊரில் இல்லை. உன் தலைமாட்டில் நின்று ஸலாம் சொல்ல எனக்கு வழியில்லாததால் எழுதுகிறேன். நீ போய் ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது. நேற்று வெயிலில் மலைப்பாறை காய்ந்து, வீட்டுச் சுவரெல்லாம் அனலடித்தபோது உன் ஞாபகம் வந்தது. கூடவே அந்தப் பயமும் வந்தது.

அந்த வருடமும் இப்படித்தான் கோடை கொளுத்தியது. தேரடிப் பக்கம் சில வீடுகளில் அம்மை என்றார்கள். வாசல்களில் வேப்பிலை தொங்கியது. பிறகு நம் தெருவுக்கும் வந்தது. நாம் இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். உனக்குக் குழந்தை இல்லை. என் ஜமீலா கைக்குழந்தை. ஜுரம் கண்ட அன்றே நீ பின்கட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். "ரஹ்மத், புள்ளைய எடுத்துக்கினு இந்தப் பக்கம் வந்துடாத" என்று உள்ளேயிருந்து சொன்னாய். நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

உன் வீட்டுக்காரர், பெரிய மச்சான்தான், உனக்குக் கஞ்சி கொண்டுவந்தார். "எழுந்திரிக்க முடியல. ஆனா படுத்துக்கினே தொழுவுறா" என்றார். ஒரு நாள் காலை, சுபுஹு தொழுகை நேரம் கழிந்ததும், அவர் வெளியே வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். "இன்னா லில்லாஹி" என்றார். நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள் என்று தொடங்கும் அதை அவரால் முழுதாகச் சொல்ல முடியவில்லை.

ஊரில் இறந்த பெண்களின் மய்யித்தைக் குளிப்பாட்டுகிற அம்மா வரவில்லை. அவளுக்கும் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். சொந்தக்காரப் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். நம் மத்ஹபின் சட்டப்படி கணவன் மனைவியைக் குளிப்பாட்டுவதில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. நீ உள்ளே தனியாகக் கிடந்தாய்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து திரைக்கு அப்பால் நின்று பேசினார். "மய்யித்தைக் குளிப்பாட்டறது நம்ம எல்லார் மேலயும் கடமை. ஒருத்தர் செஞ்சுட்டா எல்லார் பொறுப்பும் தீர்ந்துடும். யாருமே செய்யலைன்னா எல்லார் மேலயும் குத்தம். தேய்க்க வேணாம், மேல தண்ணி ஊத்தினாலே போதும். அதுவும் முடியலைன்னா சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்துலயும் கையிலயும் தடவி, தயம்மும் செஞ்சு அனுப்பிடலாம். அல்லாஹ் யாரையும் சக்திக்கு மேல கேக்கறதில்லைம்மா."

என் வீட்டுக்காரருக்கு உயிர் வந்தது. "கேட்டியா? தயம்மும் போதும்னுட்டாரு. கொழந்தைய நெனச்சிக்கோ" என்றார்.

"அந்த மண்ணைத் தடவறதுக்கும் ஒரு பொம்பள உள்ள போவணுமே" என்றேன்.

எனக்குச் சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு கையில் இருந்தது. அது இன்னும் காக்குமா என்று சொல்ல ஆளில்லை. உன்மேல் இருந்த பாசத்தால் உள்ளே போனேன் என்று எழுத ஆசைதான். நோய்க்குப் பயந்தேன், அக்கா. உன்னை அப்படியே அனுப்பிவிட்டால் மறுமையில் என்ன பதில் சொல்வேன் என்று அதைவிடப் பயந்தேன். ஜமீலாவை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, முகம் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா வந்தாள். ஊருக்கு வெளியே நிலம் வைத்துப் பயிர் செய்கிறவள். முகமெல்லாம் பழைய அம்மைத் தழும்பு. "இன்னாம்மா, ஒருத்தியும் வரலியா? எனக்கு சின்னப் புள்ளையிலயே வந்து போயிட்சி, திரும்ப வராது. நான் உள்ள வந்தா உங்க முறைக்கு ஒத்துக்குமா?" என்றாள்.

"குளிப்பாட்டறதை நான் செய்யணும். தண்ணி மொண்டு தரியா?"

"தண்ணி தர்றதுக்கு இன்னா முறை வேண்டிக் கெடக்குது?" என்று குடத்தை எடுத்தாள். வெந்நீரில் போட இலந்தை இலை வேண்டுமென்றதும் தன் நிலத்து வேலியிலிருந்து ஒடித்துவந்து கொடுத்தாள்.

உன் முகத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. கன்னியம்மா வாசற்படியில் நின்று சொம்பு சொம்பாக நீட்டினாள். உன்மேல் துணியைப் போர்த்தி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினேன். ஒளு செய்வித்தேன். முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலந்தேன். என் பற்கள் அடித்துக்கொண்டன. "பேசிக்கினே செய்யி, பயம் கம்மியாவும்" என்றாள் கன்னியம்மா. வேறென்ன பேசுவது? கலிமாவைச் சொன்னேன். வணக்கத்துக்குரியவன் அல்லாஹ் ஒருவனே, முஹம்மது அவனுடைய தூதர். நீ கேட்டாயா?

வெள்ளைத் துணி சுற்றி உன்னை வெளியே தந்ததும் ஆண்கள் கூடிவிட்டார்கள். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாத் தொழுகை நடந்தது. உன் முகத்தை மக்கா இருக்கும் மேற்கே திருப்பி வைத்து, ஆளுக்கு மூன்று கை மண் போட்டதாகப் பெரிய மச்சான் வந்து சொன்னார்.

அதன்பிறகு நீ இருந்த அறையில் நான் இருந்தேன். நோய் இருந்தால் என்னோடு முடியட்டும் என்று ஜமீலாவைத் தொடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பசித்து அழுவாள், இங்கே என் ரவிக்கை நனையும். அவளுக்குப் பசும்பாலைச் சங்கில் புகட்டினார்கள். நான் தினமும் வெளிச்சத்தில் கையையும் காலையும் திருப்பித் திருப்பிக் கொப்புளம் தேடினேன். நல்லதும் கெட்டதும் அவன் விதிப்படி என்று நம்புகிறவள்தானே நான்? பிறகு ஏன் தேடினேன்?

ஒரு நாள் ஜுரம் வந்தது. உடம்பு தூக்கிப் போட்டது. முடிந்தது என்று நினைத்தேன். அடக்கிய பிறகு கபுர்க்குழியில் மலக்குகள், அந்த வானவர்கள், வந்து கேட்பார்களே, உன் இறைவன் யார், உன் மார்க்கம் எது, உன் நபி யாரென்று, அதற்கெல்லாம் பதிலை ஒப்பித்தபடி கிடந்தேன். ஒரு பதில் வரும்போது இன்னொன்று மறந்துபோனது.

கன்னியம்மா வந்து முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், பிறகு ரவிக்கையை அவிழ்க்கச் சொன்னாள். மார்பு கல்லாக இறுகியிருந்தது. "அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பால் கட்டிக்கிச்சி" என்றாள். கோயில் வாசல் பூக்கடையில் மல்லிகை வாங்கிவந்து வைத்துக் கட்டினாள். ஜுரம் இறங்கியது. பாலும் வற்றிவிட்டது. அறையை விட்டு நான் வெளியே வந்தபோது ஜமீலா சங்குக்குப் பழகியிருந்தாள். என் மார்பில் வாய் வைக்கவில்லை.

அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன ரமலானில் முதல் நோன்பு பிடித்தாள். பெரிய மச்சான் ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார், கப்பலில் இடம் கிடைக்க வேண்டும். கஅபாவைப் பார்த்ததும் முதலில் கேட்கும் துஆ உனக்குத்தான் என்கிறார். ஒரு நாள் ஜமீலா கேட்டாள்: "அம்மா, கபுர்ல மலக்கு அரபில கேப்பாங்களா? தமிழ்ல சொன்னா புரியுமா அவங்களுக்கு?" ஹஜ்ரத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன், இன்னும் கேட்கவில்லை. உன்னிடம் எப்படிக் கேட்டார்கள், அக்கா? தடுமாறாமல் சொன்னாயா?

மய்யித்துக் குளிப்பாட்டுகிற அந்த அம்மாவுக்குக் கண் தெரியாமல் போனபிறகு, ஊரில் பெண்கள் யார் இறந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டாலே இன்னும் கையைத் திருப்பிக் கொப்புளம் தேடுகிறேன். பழகினால் பயம் போகும் என்றார்கள். எனக்குப் போகவில்லை. ஒவ்வொரு முகத்திலும் என் முகத்தைத்தான் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன். என் கையில் சொம்பு நிற்கும்வரை, இந்த ஊரில் எந்தப் பெண்ணும் குளிப்பாட்ட ஒரு கைக்காக வெயில் ஏற ஏறக் காத்துக் கிடக்க மாட்டாள். எந்த நோயில் போனவளாக இருந்தாலும் சரி, நடுங்கிக்கொண்டாவது போய் நிற்பேன், இன்ஷா அல்லாஹ்.

உன் ஓரகத்தியாக வந்து தங்கையாகிப்போன,
ரஹ்மத்