கருநாக்கும் வெள்ளரிக்கொடியும்

மார்ச் 9

வெள்ளரிக்கொடியின் அடியிலைகள் மஞ்சளாகிவிட்டன. யார் கண் பட்டதோ! கண் எதற்கு, என் வீட்டுக்காரர் நாக்கு போதாதா? போன மாதம் தங்கை வீட்டில், அத்தனை பேர் முன்னால், "இவ கை பட்டா கள்ளிச்செடிகூடப் பட்டுப்போயிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அவரோடு பேச்சை நிறுத்தினேன். மறுநாளே பால்கனித் தொட்டியில் விதை ஊன்றினேன். இதைக் காய்க்க வைத்துக் காட்டாவிட்டால் நான் நானில்லை.

மார்ச் 10

மத்தியானம் இலையெல்லாம் துவண்டு கிடந்தது. தாகம்தான். இனி காலையும் மாலையும் செம்பு நிறையத் தண்ணீர்.

மார்ச் 12

நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் செடியின் படத்தைக் காட்டினேன். டாக்டர் பெரிதாக்கிப் பார்த்து, "பூச்சிதாம்மா" என்றார். அவருக்கு உலகமே சொத்தைதான். நர்ஸ் அக்கா, "சத்து பத்தல, உரம் போடு" என்றாள். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் - பூச்சி இல்லை, முட்டை இல்லை, வெள்ளைப் பூச்சும் இல்லை. ஆனாலும் சோப்புத் தண்ணீர் தெளித்தேன், உரமும் போட்டேன்.

மார்ச் 14

பூவும் உதிர்ந்துவிட்டது. அழுகை வந்தது. செடிக்காக மட்டுமா?

"சாப்பாடு மேசையில இருக்கு" என்று சுவரிடம் சொன்னேன். அவர் வந்து சாப்பிட்டார்.

மார்ச் 15

புத்தி வந்து மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். சேறு! குட்டை நாற்றம். வேர் மூச்சுமுட்டித்தான் இலை துவண்டிருக்கிறது. நானோ தாகமென்று நினைத்து மேலும் மேலும் ஊற்றியிருக்கிறேன். இன்றோடு நிறுத்தம்.

மார்ச் 18

நான் சொட்டுத் தண்ணீர் விடவில்லை. மழையும் இல்லை. மண் இன்னும் சொதசொதவென்று இருக்கிறது, அடித்தட்டில் தண்ணீர் தளும்புகிறது. எங்கிருந்து வருகிறது?

மார்ச் 19

விடியற்காலை பால்கனிக் கதவு கிரீச்சிட்டது. போய்ப் பார்த்தால் இவர். கையில் குளியலறை மக்.

"என்ன பண்றீங்க?" வாய் தானாகக் கேட்டுவிட்டது.

மக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "தண்ணி... தினமும் ஊத்துறேன். நீ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி."

"எதுக்கு?"

"வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். இலை மஞ்சளானதும் பக்குனு ஆயிடுச்சு. என் கருநாக்கு பலிச்சு இது பட்டுப்போச்சுன்னா, நீ ஜென்மத்துக்கும் என்கூட பேசமாட்டே."

"நானும் ரெண்டு வேளை ஊத்தினேனே! பேசாம இருந்து ரெண்டு பேருமா சேர்ந்து இதைக் கொல்லப் பார்த்திருக்கோம்."

சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரித்தார். பிறகு, "அன்னைக்குச் சொன்னது தப்புதான்" என்றார். அப்பாடா, நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கினாற்போல் இருந்தது.

இவர் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ட்ரில் மெஷினை எடுத்து வந்தார். செடியை வெளியே எடுத்துக் கொழகொழத்த வேர்களை நான் வெட்டினேன். தொட்டியின் அடியிலிருந்த ஒரே ஓட்டையும் ஆரம்பத்திலிருந்தே பாதி அடைத்திருக்கிறது; அவர் புது ஓட்டைகள் போட்டார். பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, மணல் கலந்த புது மண்ணில் நட்டு நிழலில் வைத்தோம். மஞ்சள் இலைகளைக் கிள்ளி எறிந்தேன். விரல் விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்தால்தான் இனி தண்ணீர். அதுவும் ஒருவரை ஒருவர் கேட்டுவிட்டுத்தான்.

மார்ச் 24

வாடவும் இல்லை, வளரவும் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. "சாகாதுடி, விடு" என்கிறார்.

மார்ச் 29

நுனியில் புது இலை. பச்சை! பிழைத்தது. பிழைத்தோம்.

ஏப்ரல் 26

காலையில் பெரிய சண்டை. முதல் காயை இன்றே பறிக்க வேண்டும் என்று அவர். இன்னும் பருக்கட்டும் என்று நான். "செடி யாரோடது?" "தொட்டியில ஓட்டை போட்டது யாரு?" மாடிவீட்டம்மா எட்டிப் பார்க்கும்வரை கத்தினோம். காய் கொடியிலேயேதான் இருக்கிறது. வேலைக்குப் போன மனுஷன், விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர மத்தியானம் ஃபோன் பண்ணினார். ஆஸ்பத்திரியில் கூட்டம் நெரிந்தது. ஆனாலும் எடுத்துப் பேசினேன்.