கடல் படிக்கப் போனவளுக்கு

இன்று அரூர் சந்தையில் கருவாட்டுக் கடையருகே வந்ததும் உன் நினைவில் அப்படியே நின்றுவிட்டேன். "என்னங்க டீச்சர், நெத்திலி போடட்டுங்களா?" என்று கடைக்காரர் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் காதில் விழுந்தது.

நம் ஊருக்குக் கடல் கருவாடாகத்தான் வந்து சேரும். அறுபதுகளின் கடைசியில், சேலத்தில் நாம் விலங்கியல் படித்தபோது, கல்லூரியிலிருந்து கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். நாம் இருவரும் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது அன்றுதான். மற்ற பெண்கள் அலையில் கால் நனைத்துக் கூச்சலிட்டார்கள். நீ, நீர் வற்றிய பாறைக் குழியருகே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாய். ஆசிரியை ஒரு கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருந்த உயிர்களைக் காட்டிவிட்டு, வெயில் பட்டால் அவை செத்துப்போகும் என்று கல்லைப் பழையபடியே வைத்தார். நீ என் கையை இறுக்கிப் பிடித்தாய். "ஒரு கல்லுக்கு அடியிலயே இவ்ளோ இருக்குதேடி, அவ்ளோ பெரிய கடலுக்குள்ள என்னென்ன இருக்கும்?"

"கடலப் பத்திப் படிக்கப் போறேம்ப்பா" என்று நீ வீட்டில் சொன்னபோது உன் அப்பா நிலக்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார். "கடலயப் பத்திப் படிக்க அவ்ளோ தூரம் எதுக்கு? நம்ம காட்லயே கெடக்குதே" என்றார். நாம் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்து எடுத்துச் சொன்ன பிறகு சம்மதித்தார். நீ கடலோரக் கல்லூரி ஒன்றில் மேற்படிப்புக்குச் சேர்ந்தாய்.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் நீ வாய் ஓயாமல் பேசினாய். விடியற்காலையில் படகில் போவீர்களாம். மெல்லிய துணி வலையைப் பின்னால் இழுத்து வந்து, அதில் சேர்ந்ததை நுண்ணோக்கியில் வைத்து வகை பிரித்து எண்ணுவீர்களாம். "ஒரு சொட்டுத் தண்ணியில ஒரு ஊரே இருக்குதுடி. நண்டு குட்டியில நண்டு மாதிரியே இருக்காது. முதுவுல முள்ள வெச்சுக்கிட்டு மெதக்கும். சொன்னா நம்பமாட்ட" என்றாய்.

அடுத்த கோடையில் பெட்டி படுக்கையோடு வந்துவிட்டாய். நீ எண்ணியதில் ஓரங்களில் இருந்த உயிர்கள் எப்போதும் விட்டுப்போயின. கவனக்குறைவு என்று முதலில் திட்டினார்கள். பிறகு, படகில் காலருகே கிடந்த கயிறு தெரியாமல் நீ தடுக்கி விழுந்தாய். ஆசிரியர் உன்னை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கண்ணுக்குள் இருக்கும் திரை ஓரத்திலிருந்து அழிந்து வருகிறது, மருந்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். சிறு வயதில் பொழுது சாய்ந்தால் உனக்குக் கண் தெரியாது. மாலைக்கண் என்று முருங்கைக்கீரையாகப் போட்டு வளர்த்த உன் அம்மா, "அப்பவே தெரியாமப் போச்சே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

அவர் உன்னை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போனார். அதற்குள் நடுவில் ஒரு காசளவுதான் உனக்குப் பார்வை மிஞ்சியிருந்தது. திரும்பி வந்ததும், "மாதா கைவிட மாட்டாங்க" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நீ என்னிடம் மட்டும், "அல சத்தம் கேட்டுச்சு. பக்கத்துல போகல" என்றாய்.

எனக்கு அரூரில் ஆசிரியை வேலை கிடைத்தது. சாயங்காலங்களில் வந்து உன் பாடப்புத்தகங்களை உனக்குப் படித்துக் காட்டினேன். உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் பாதியில் கையை நீட்டித் துழாவிப் புத்தகத்தை மூடினாய். "வேணாம்டி. படிக்கறப்ப எல்லாம் கண்ணுக்குள்ள வருது. அப்பறம் போகமாட்டேங்குது."

எழுபதுகளின் நடுவில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. உன் உடம்பு அதோடு போராடவில்லை. நீ போராட விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. கடைசியாகப் பார்க்க வந்தபோது என் பக்கம் முகத்தைத் திருப்பினாய்.

"அன்னிக்கு நாம கடலுக்குப் போகாமயே இருந்திருந்தா, எனக்கு இப்ப இருட்டு மட்டும்தானடி இருந்திருக்கும்?"

நான் உன் தலையை வருடினேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். யாராவது ஒருத்தி கண் விரிய எழுந்து, "இன்னும் சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டால் மற்ற ஆசிரியைகள் பூரித்துப்போவார்கள். எனக்கு உன்னை நினைத்துப் பயம்தான் வரும். சொல்லத்தான் சொன்னேன். அந்தப் பயம் மட்டும் ஒருநாளும் போகவில்லை.