முகியின் மதியச் சோறு

கெசென்னுமா
அக்டோபர் 8

மகன் யசுஹிரோவுக்கு,

அப்பா எழுதுவது. எனக்கு உடம்பில் குறை ஒன்றும் இல்லை. கூரை ஒழுகவில்லை. சன்மா மீன் வந்து இறங்கத் தொடங்கிவிட்டது, ஆனால் இந்த வருடம் கொழுப்பு கம்மி. உங்கள் கப்பல் டிசம்பர் கடைசியில்தான் கேப் டவுன் கரையைத் தொடும் என்று கம்பெனியில் சொன்னார்கள். அதுவரை இந்தக் கடிதம் அங்கே ஏஜென்ட் ஆபீசில் கிடக்கும். கிடக்கட்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு இருந்தால் போதும்.

உன் மனைவி மினாகோ உன் நாய்க்கு ஒரு பைத் தீனி வாங்கி வந்திருக்கிறாள். அரிசி மூட்டை அளவு பை. மேலே ஒரு நாய் பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. உள்ளே இருப்பது கூழாங்கல். பூதக்கண்ணாடி வைத்துப் பையின் பின்பக்கத்தை முழுவதும் படித்தேன். மீன் தூள், சோளம், எலும்புத் தூள். மீன் தூள் எதிலிருந்து வருகிறது என்று எனக்கா தெரியாது? தலையும் குடலும் ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகிற வண்டி தினமும் நம் வாசல் வழியாகத்தான் போகிறது.

அவள் சொல்கிறாள்: “மாமா, இது நாய்க்குன்னே அளந்து செஞ்சது. காலையில ஒரு குவளை, நான் வேலைக்குப் போனப்புறம் மதியம் நீங்க ஒரு குவளை. வேற ஒண்ணும் வேணாம்.” அதோடு விடவில்லை. நாய்க்கு ஆகாதவை என்று ஒரு தாள் எழுதி குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறாள். வெங்காயம், வெங்காயத்தாள், பூண்டு, சாக்லேட். வெங்காயத்துக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, வேகவைத்த சாறும் கூடாது என்று எழுதியிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். “அது ரத்தத்தையே உடைச்சிடும் மாமா. நம்ம நாட்டு நாய்ங்களுக்கு இன்னும் சீக்கிரமா உடைக்குமாம். மிருக டாக்டர் கொடுத்த நோட்டீஸ்ல போட்டிருக்கு” என்றாள்.

நான் சூரைக் கப்பலில் முப்பத்தொரு வருடம் அடுப்படியில் நின்றவன். இருபத்திரண்டு பேருக்கு மூன்று வேளை. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கையைச் சுட்டுக்கொண்டு நானாகக் கற்றேன். என் கரண்டியில் சாப்பிட்ட ஒருவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்ததில்லை. எனக்கு நோட்டீஸ் ஒட்டுகிறார்கள்.

முகி அந்தக் கூழாங்கல்லை மதியத்தில் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் மேசைக்கடியில் வந்து என் பாதத்தில் தாடையை வைத்துக்கொள்கிறான். ஆகவே அவனுக்கு நம் வீட்டு நாய்கள் எல்லாம் தின்று வளர்ந்ததைத்தான் கொடுக்கிறேன். சோற்றின் மேல் மிசோ சூப், முள் எடுத்த மீன். தாளில் எழுதியிருக்கிறதே என்று சூப்பிலிருக்கும் வெங்காயத்தாளைக் குச்சியால் ஒவ்வொரு வளையமாக எடுத்துப் போட்டுவிட்டுத்தான் ஊற்றுகிறேன். இதற்கு மேல் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. அவள் அளந்து வைக்கிற குவளையைக் கொல்லைப்பக்கம் கடற்காக்கைகளுக்குப் போட்டுவிடுகிறேன். காலிக் குவளையைப் பார்த்து அவளுக்கு ஒரே சந்தோஷம்.

பக்கத்து வீட்டு ஒனொதெரா வேலி மேல் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான். “என்னப்பா தொகுஜி, ஒரு கப்பலுக்கே ஆக்கிப் போட்டவன் இப்ப ஒரு நாய்க்கு ஆக்க மருமககிட்ட லைசென்ஸ் வாங்கணுமாமே?” என்றான். “இவன் உன்னை மாதிரி உப்புப் பத்தலைன்னு குறை சொல்றதில்லைடா” என்றேன்.

காற்றில் கவனமாக இரு. தளத்தில் கயிற்றைத் தாண்டிக் கால் வைக்காதே.

அப்பா

*

கெசென்னுமா
அக்டோபர் 27

மகன் யசுஹிரோவுக்கு,

உறைபனி விழுந்துவிட்டது. பனி பட்டதும் வெங்காயத்தாள் இனிக்கிறது. ஒனொதெராவின் தோட்டத்தில் தடித் தடியாக நிற்கிறது, கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுகிறான். சூப் தேனாக இருக்கிறது. கப்பலில் உங்கள் சமையல்காரன் உலர்ந்த சருகைத்தான் போடுவான், பாவம் நீ.

முகியைப் பற்றி எழுத வேண்டும். ஒரு வாரமாகச் சுறுசுறுப்பு இல்லை. மேட்டுக் கோயிலுக்கு என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறவன் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறான். எனக்கு எழுபத்தாறு வயது, நான் நின்று அவனுக்காகக் காத்திருக்கிறேன். நேற்றுப் படகுத்துறைச் சிமெண்டில் சிறுநீர் கழித்தான். வறுத்த பார்லித் தேநீர் போல இருந்தது. தண்ணீர் சரியாகக் குடிப்பதில்லை என்று நினைத்தேன். இன்று உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு கணவாய்ச் சதை போல வெளுத்திருக்கிறது.

காரணம் எனக்குத் தெரியும். காலையில் அவள் போடும் அந்தத் தூளில் சத்து இல்லை. வளர்ந்த நாய் எப்படித் தாங்கும்?

இதற்கு என்னிடம் வைத்தியம் இருக்கிறது. தெற்குக் கடலில் மூன்று வாரம் புயலில் கிடந்தபோது, எழுந்திருக்க முடியாமல் படுத்த பையன்களை நான் எழுப்பினேன். மாட்டு இறைச்சி, உருளைக்கிழங்கு, நான்கு பெரிய வெங்காயம், கொஞ்சம் சர்க்கரை, சோயா சாறு. காலையிலிருந்து சின்னத் தீயில் வைக்க வேண்டும். வெங்காயம் இருந்த இடம் தெரியாமல் கரைய வேண்டும். கரைந்தால்தான் அது குழம்பு. பொறுக்கி எடுக்க அதில் ஒன்றுமே மிஞ்சாது, ஆகவே தாளில் எழுதியதை நான் மீறினேன் என்று யாரும் சொல்ல முடியாது. நான்கு நாளாக அதைத்தான் கொடுக்கிறேன். முதல் நாள் தட்டை நக்கியே தேய்த்துவிட்டான். இன்று பாதி வைத்துவிட்டான். நாளை இறைச்சியைக் கூட்டிப் போடுகிறேன்.

வேலையிலிருந்து வந்த மினாகோ மூடியைத் திறந்து பார்த்து, “மாமா, தெரு முனையிலேயே வாசனை மூக்கைத் துளைக்குது. எனக்கும் உண்டா, இல்ல எல்லாம் உங்களுக்கேவா?” என்று கேட்டாள். கொடுத்தேன். இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். நாய் ஏன் சோர்ந்து கிடக்கிறது என்று கவலைப்பட்டாள். குளிர் என்று சொன்னேன்.

தவறாக நினைக்காதே. அவளைக் குறை சொல்லவேண்டும் என்று எழுதவில்லை. தெரியாதவர்கள் தெரிந்தவனிடம் கேட்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

*

கெசென்னுமா
நவம்பர் 5, புதன்

மகன் யசுஹிரோவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை முகி வாசலில் விழுந்துவிட்டான். பின்னங்கால் இரண்டும் விரிந்துபோய், எழுந்திருக்க முயன்று முயன்று, பிறகு முயலவில்லை. கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. திங்கட்கிழமை மினாகோ வேலைக்குப் போகாமல் அவனைப் போர்வையில் சுற்றி மிருக டாக்டரிடம் எடுத்துப்போனாள். நானும் போனேன்.

டாக்டர் சின்ன வயது. ரத்தம் எடுத்தார். தண்ணீர் கலந்தது போல இருந்தது. பிறகு கேட்டார்: “வெங்காயம், வெங்காயத்தாள், அது போட்டு வெந்த சாறு, ஏதாச்சும் உள்ள போச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அதைப் பொறுத்துத்தான் மருந்தே மாறும்.”

நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன் என்று நீ நம்பினால் நம்பு.

அதற்குள் மினாகோ முந்திக்கொண்டாள். “இல்லவே இல்ல டாக்டர். மதியம் மாமாதான் பார்த்துக்கறார். காலமெல்லாம் கப்பல்ல ஆக்கிப் போட்டவர். எதை யாருக்குக் கொடுக்கணும்னு அவருக்குத் தெரியாததா? நான் ஒரு தடவைதான் சொன்னேன், அதுக்கப்புறம் அவர் கொடுத்ததே இல்ல.”

நான் இந்த வீட்டில் அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அவள் என்னைப் பற்றி இப்படிச் சொல்கிறாள், அதுவும் முன்பின் தெரியாத ஒருவர் முன்னால். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை அசைத்தேன்.

“அப்ப உண்ணிக் காய்ச்சல்னு வெச்சுத்தான் ஆரம்பிக்கணும்” என்றார். “ரத்தம் செந்தாய் நகரத்து லேபுக்குப் போய்ப் பதில் வரப் பத்து நாளாகும். அதுவரைக்கும் இவன் தாங்க மாட்டான். ஊசி இன்னிக்கு ஒண்ணு, வெள்ளிக்கிழமை ஒண்ணு. கடுமையான மருந்து. உண்ணி இல்லாம வேற காரணமா இருந்தா, இந்த ஊசியே இவனை முடிச்சிடும். அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்கறேன்.”

ஒரு ஊசி போட்டாயிற்று. அன்று முதல் நான் அவனுக்கு எதுவும் கொடுக்கவில்லை. குழம்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். வெங்காயத்தாளால்தான் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த வீட்டில் எத்தனையோ நாய் அதே சூப்பில் வளர்ந்தது. அவற்றில் எது எத்தனை வயதில் போனது என்று இப்போது உட்கார்ந்து எண்ணிப் பார்க்கிறேன். கப்பலில் இருந்த வருடங்களில் நான் எதையும் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை. உன் அம்மா எழுதுவாள், நாய் போய்விட்டது, வேறு குட்டி கொண்டுவந்தோம் என்று. ஏன் போனது என்று நான் கேட்டு எழுதியதில்லை.

மினாகோ தீனியை வெந்நீரில் குழைத்து விரலால் அவன் நாக்கில் தடவுகிறாள். வெளியே வழிந்துவிடுகிறது. நேற்று என் முன்னால் உட்கார்ந்து, “நான் வாங்கின பைதான் ஒத்துக்கலையோ மாமா? விலை கம்மின்னு எடுத்துட்டேனோ? நீங்க அப்பவே வேணாம்னீங்களே” என்று அழுதாள். நான் இருக்கலாம் என்று சொன்னேன். யசுஹிரோ, நான் இருக்கலாம் என்று சொன்னேன். அவள் அந்தப் பையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, வேறு இரண்டு வகை வாங்கி வந்து பின்பக்கத்தை வரி விடாமல் படித்துக்கொண்டிருக்கிறாள். எந்தப் பைக்கும் இதில் சம்பந்தமில்லை.

கம்பெனிக்குப் போய் உன் கப்பலுக்குச் செய்தி அனுப்பச் சொல்லலாம். கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் என்னவென்று எழுதச் சொல்வது? டாக்டர் இருக்கும் இடம் நடந்துபோனால் இருபது நிமிடம். இன்று இரண்டு தடவை செருப்பை மாட்டினேன். அவளைப் பொய்யாக்கிவிட்டு அந்தப் படியில் நான் எப்படி ஏறுவது? என்னால் முடியாதது முடியாதுதான். என்னைத் திருத்த இனி யாரும் பிறக்கப்போவதில்லை.

இதை நீ படிக்கும்போது வெள்ளிக்கிழமை போய் ஏழு வாரம் ஆகியிருக்கும். படித்ததும் வீட்டுக்குப் போன் செய். முகி எப்படி இருக்கிறான் என்று முதலில் கேட்காதே. நடந்தது அவள் வாங்கிய தீனியால் அல்ல என்று முதலில் சொல். யார் சொன்னார்கள் என்று கேட்டால் என் பெயரைச் சொல்.

வேலைக்குப் போகிற வழியில் மினாகோதான் வழக்கம்போல இதைத் தபாலில் போடுவாள். நாளை வியாழக்கிழமை, அடுத்த ஊசிக்கு முந்தின நாள். உறையை நான் ஒட்டவில்லை. பசை தீர்ந்துவிட்டது. அவள் தேநீர் குடிக்கும் இடத்தில் திறந்தபடியே வைத்துவிட்டுப் போகிறேன். ஆனால் அவள் அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிறவள் இல்லை. அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம் அது ஒன்றுதான்.

கடல் உன்னை நல்லபடியாகத் திருப்பி அனுப்பட்டும். அவள் நன்றாக இருக்கட்டும்.

அப்பா
கிக்குதா தொகுஜி