சிவப்பு மூடி

கொழும்புத்துறை,
14.09.2024

அன்புள்ள றொபினுக்கு,

உன் சுகத்தை விசாரிக்கும் உரிமையை இழந்து ஏழு வருடமாகிறது. ஆனாலும் விசாரிக்கிறேன். உன் அக்காவுக்குச் சலரோகம்தான், அந்தச் சீனி வருத்தம், கட்டுக்குள் இல்லை. மழையும் இல்லை.

ஆய்வு நிலையத்தில் தலைமைப் பதவி இம்முறையும் எனக்கில்லை. என்னிடம் படித்த லெனாட்டுக்குக் கொடுத்தார்கள். "தலைகீழ் நதானியேல்" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பவர்களில் அவனும் ஒருவன். ஒருவரையும் நான் மன்னிக்கவில்லை. நேற்றுவரை உன்னையும்தான்.

நேற்று, ஐஸ் தொழிற்சாலையை மூடப்போகிறார்கள் என்று, கரைக்கடலின் அடியில் குத்தி எடுத்து அங்கே குளிரில் வைத்த எங்கள் கடைசிச் சேற்றுக் குழாயை எடுத்துப்போகச் சொன்னார்கள். வீட்டில் வைத்துத் திறந்தேன். மேற்பக்கத்துக்குச் சிவப்பு மூடி, அடிப்பக்கத்துக்குக் கறுப்பு என்பதுதானே எங்கள் ஒழுங்கு? கீழ்நோக்கி மெலிய வேண்டிய கோரை வேர்கள் சிவப்பு மூடியை நோக்கி மெலிந்துகொண்டு போயின. மற்ற எட்டையும் போல இதுவும் தலைகீழ். மூடிக்குள் ஒரு துண்டு இருந்தது. "மேல்" என்று என் கையெழுத்தில்.

அன்று வள்ளம் ஓட்டிய செல்வரட்ணத்திடம் போனேன். வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "மூடி போட்டது நீங்கள்தானே சேர். றொபின் தம்பி கழுத்தளவு தண்ணிக்குள்ளை நிண்டவர். 'அத்தான், மற்றப் பக்கம்' எண்டு கத்தினவர். நீங்கள் 'எனக்குப் படிப்பிக்காதை' எண்டு ஏசினியள்."

சேறு வழியாதபடி நீ அடிப்பக்கத்தை முதலில் நீட்டினாய். கைக்கு முதலில் வந்ததை மேலென்று நான் எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான். அந்தக் குழாய்களை வைத்து ஈராயிரம் வருடத்துக்கு முந்திய கரையை வரைந்தோம். வயல் இருந்த இடத்தில் கடலைப் போட்டோம். அதை நம்பிப் பழைய துறைமுகத்தைத் தேடி அகழ்ந்தவர்கள் இரண்டு வருடம் வெறும் மணலை அள்ளினார்கள். விசாரணையில், நீதான் மாற்றிக் கொடுத்தாய் என்று உன் பெயரைச் சொன்னேன். நீ ஏன் வாய் திறக்கவில்லை? அக்காவுக்காகவா? அந்த இரக்கத்துக்காக இப்போதும் உன்மேல் கோபம் வருகிறது.

திரும்ப எடுக்கலாமென்றால் அந்த இடத்தில் கல் கொட்டி நிரப்பிவிட்டார்கள். உண்மையை எழுதி இன்று காலை லெனாட்டிடம் கொடுத்தேன். "முடிஞ்ச கதையை ஏன் சேர் கிண்டுறியள்?" என்று மேசை இலாச்சிக்குள் போட்டுவிட்டான்.

நிஷானிக்கு இன்னும் சொல்லவில்லை. தன் தம்பியால்தான் நான் தாழ்ந்தேன் என்று ஏழு வருடமாக என் முன்னால் தலைகுனிந்து நடக்கிறாள். வாயால் சொல்லத் துணிவில்லை. நான் யாருக்கு எழுதினாலும் அடியில் இரண்டு வரி எழுதுவது அவள் வழக்கம். இதையும் உறையை ஒட்டாமல், வாசிக்கட்டும் என்று அவள் கையில் கொடுக்கிறேன். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

கர்த்தர் உன்னையும் உன் பிள்ளைகளையும் காப்பாராக. அந்த இடம் வெறுமையாக வந்து சேர்ந்தால், அன்றைக்கே அவளுக்குத் தொலைபேசி எடு. என்னைக் கேட்காதே. அவளோடு கதை.

அத்தான்,
நதானியேல்