காலி இடமும் காய்ந்த சாக்ஸும்

மார்ச் 28

பல் டாக்டர் அலுவலகத்தில் இன்று இரண்டு பேர் வராமல் டிமிக்கி கொடுத்துவிட்டார்கள். காத்திருப்பவர்களுக்குப் போன் போட்டு, கெஞ்சி மிரட்டி, இரண்டு இடங்களையும் நிரப்பிவிட்டேன். பத்தொன்பது வருடமாக இதுதான் என் பிழைப்பு. நாற்காலி காலியாக இருந்தால் எனக்குக் கை அரிக்கும்.

அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தால், என் புருஷன் வெர்ன் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்திருக்கிறான். தபால்காரன் ஓய்வு பெற்றால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவான் என்று நினைத்திருந்தேன்.

"வீட்ட வித்துடலாம் ஆர்லீன். மலைக்கு அந்தப் பக்கம் போயிடலாம். அஞ்சு ஏக்கர். சுத்தி ஒண்ணுமே கெடையாது."

"ஒண்ணுமே இல்லாத எடத்துக்கு எதுக்குப்பா போகணும்?"

"ஒண்ணுமே இல்லங்கறதுக்காகத்தான்."

மலைக்கு அந்தப் பக்கம் மேட்டுப் பாலைவனம். புதர், கல், காற்று. இங்கே சேலத்தில், ஓரிகன் மாநிலத்தின் மழை பெய்யும் ஈரப் பக்கத்தில், என் பூச்செடிகள், என் தேவாலயப் பாட்டுக் குழு, என் சமையலறை ஜன்னல்.

மார்ச் 29

ஒப்பந்தம் போட்டுக் கை குலுக்கிவிட்டோம். பாலைவனத்தில் மரக்குடில் வாடகைக்கு எடுத்து மூன்று ராத்திரி தங்குவது. அதற்குப் பிறகும் நான் வேண்டாம் என்றால் அவன் ஆயுசுக்கும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டான். ஏற்பாடு முழுவதும் என் பொறுப்பாம். "உனக்குத்தான் இதெல்லாம் கைவந்த கலை" என்கிறான், பாவம். நடுங்கவைத்து, கடுப்பேற்றி, அவனே "போதும் சாமி" என்று சொல்லும்படி ஒரு பயணத்தை ஏற்பாடு செய்கிறேன் பார்.

ஏப்ரல் 4

டிரை ஸ்பிரிங் முகாமில் குடில்களுக்கு முன்பதிவு ஆறு மாதம் முன்னால்தான் திறக்கும். அன்று காலையில் மாநிலமே கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும். காபி ஆறுவதற்குள் எல்லாம் போய்விடும். ஆகவே நான் நிதானமாகக் காபி போட்டேன். இன்னொரு காபியும் போட்டேன். பிறகு திறந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "போச்சு வெர்ன்" என்று கூப்பிட வாயைத் திறந்தேன்.

அந்த நொடியில் யாரோ ஒரு புண்ணியவான் ரத்து செய்தான். திரையில் மூன்றாம் எண் குடில் பச்சையாக மாறியது. அக்டோபர் முதல் வெள்ளி. காலி இடம்!

கை என்னைக் கேட்கவே இல்லை. அழுத்திவிட்டது.

வெர்ன் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தான். சனியன் பிடித்த கை.

ஏப்ரல் 5

மூன்றாம் எண் குடில்தான் கழிப்பறையிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதாம். ஆண்டவர் இருக்கிறார்.

ஜூன் 16

வெர்னின் தம்பி ராய்ஸையும் கூப்பிட்டுவிட்டேன். ராய்ஸ் விழித்திருந்தால் பேசுவான், தூங்கினால் குறட்டை. ஒரே அறை, அடுக்குக் கட்டில். வெர்ன் எரிந்துவிழுவான் என்று காத்திருந்தேன். கண் கலங்கிவிட்டான். "அவன யாருமே எங்கயும் கூப்பிடறதில்ல ஆர்லீன். நீ நெனச்சியே."

ச்சே.

ஆகஸ்ட் 11

வெர்ன் கோடை முழுவதும் முகாமில் எரிக்க விறகு பிளக்கிறான். கொல்லையில் எங்கள் ஃபிர் மரம் சாய்ந்ததல்லவா, அதைத்தான். அளவெடுத்து அடுக்கி, மேலே துணி போர்த்தி, குழந்தையைப் போல் பார்த்துக்கொள்கிறான். அந்தப் பக்கம் காட்டுத் தீ பயத்தில் நெருப்பு மூட்டத் தடை. தடை நீடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். தேவாலயத்தில் உட்கார்ந்து இப்படியும் ஒரு வேண்டுதல்.

செப்டம்பர் 29

தடை நீக்கப்பட்டது. வேண்டுதலை மாற்றிக்கொண்டேன்: நல்ல குளிர்.

அக்டோபர் 4

வந்து சேர்ந்தோம். குடிலில் ஒரு மேசை, கட்டில்கள், ஒரு பல்பு. தண்ணீர்க் குழாய் வெளியே. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். அருமை.

அதைவிட அருமை வாசலிலேயே நடந்தது. முகாமைப் பார்த்துக்கொள்ளும் மேவிஸ் எங்கள் வண்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். இவளும் இவள் புருஷனும் ஓய்வு பெற்றவர்கள். சம்பளம் கிடையாது. சீசன் முழுவதும் தங்க இடம் சும்மா, அதற்குப் பதிலாக வருகிறவர்களை மேய்ப்பது.

"வெளி வெறகு உள்ள வரக் கூடாது கண்ணு. பூச்சி ஏறிடும். இங்கயே வாங்கி இங்கயே எரிக்கணும்."

"நானே பொளந்தது" என்றான் வெர்ன்.

"பாத்தாலே தெரியுது. அழகாத்தான் இருக்கு. திரும்ப எடுத்துட்டுப் போங்க."

முப்பது வருடம் தபால் பையோடு நாய்களைச் சமாளித்த மனுஷன் மேவிஸுக்குப் பணிந்துவிட்டான். நான் கும்மாளம் போட்டிருக்க வேண்டும். பயணம் வாசலிலேயே கெட்டுவிட்டது, வீடு பிழைத்தது. ஆனால் அவன் துணியை இழுத்து அந்த விறகை மறுபடி மூடியதைப் பார்த்தேன். ஜெயிச்சுட்டடி ஆர்லீன், சிரியேன் — வரல.

ராய்ஸ் மட்டும் பேசிக்கொண்டே இருந்தான். ஊரில் பூச்சிகள் எப்படி அவன் கூரையைத் தின்றன என்று.

அக்டோபர் 5

வாளித் தண்ணீரில் ஐஸ். ராய்ஸின் குறட்டையில் ஜன்னல் ஆடியது. காலையில் வெர்னைக் காணோம். குடிலின் படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, வெறும் சாக்ஸோடு இருந்தான்.

"தொட்டுப் பாரு" என்றான்.

"உன் சாக்ஸையா? காலங்காத்தாலயா?"

"தொடேன். காய்ஞ்சிருக்கு ஆர்லீன். நேத்து தொவச்சுக் கொடியில போட்டேன், பொழுது சாயறதுக்குள்ள மொறுமொறுன்னு ஆயிடுச்சு. முப்பது வருஷமா ஈர சாக்ஸோட நடந்தேன். உங்கிட்ட சொன்னதே இல்ல. சொல்லி என்ன ஆகப்போவுது, மழைய நிறுத்தவா முடியும்?"

தொட்டேன். அட்டை மாதிரி விறைத்து, அவ்வளவு காய்ந்து போயிருந்தது. முப்பது வருடமாக அந்த சாக்ஸை ஹீட்டர் மேல் போட்டதும் நான்தான். நாற்றம் தாங்கவில்லை என்று கத்தியதும் நான்தான். இவன் என்னிடமிருந்து ஓடப் பார்க்கிறான் என்றுதான் ஆறு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். மழையிடமிருந்தாம்! அதைச் சொல்லித் தொலைச்சா என்ன, மனுஷா?

படியில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.

மதியம் வாசலில் ஒரே கூச்சல். மேவிஸின் புருஷன் முட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறான். இரண்டாம் எண் குடிலுக்கு நான்கு குடும்பம் வந்து நிற்கிறது, எல்லோரும் எங்களுக்குத்தான் என்கிறார்கள். மேவிஸ் முழிக்கிறாள். ஐந்தாம் எண் காலி, ஆறாம் எண்காரர்கள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். அது என் கண்ணில் பட்டுவிட்டது. அதற்குமேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"நீங்க ரெண்டுலயே இருங்க. நீங்க அஞ்சுக்குப் போங்க. நீங்க ஆறு. சார், உங்க சீட்டுல இருக்கற தேதி அடுத்த வாரம், ஆனா இன்னிக்கு கூடார எடம் ஒண்ணு தரேன், ஒத்துக்குங்க. அந்த நாயக் கட்டுங்க!"

அரை மணியில் வாசல் காலி. மேவிஸ் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எங்க இருந்த கண்ணு இத்தன நாளா?"

அக்டோபர் 7

சேலம். மழை. விறகு பயணம் முடிந்து கொல்லைக்கே திரும்பிவிட்டது.

வெர்ன் கேட்டான், "சரி. சொல்லு. வேணுமா வேண்டாமா?"

"வீட்ட விக்க மாட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். கை குலுக்கியவன், பேச்சு மாறமாட்டான். எழுந்து போய் ஈர சட்டையை ஹீட்டர் மேல் போட்டான்.

"இன்னும் முடிக்கல, உக்காரு" என்றேன். "மேவிஸ் புருஷனுக்கு முட்டி ஆபரேஷனாம். வசந்தத்துல அவங்க வர மாட்டாங்க. மே, ஜூன் ரெண்டு மாசமும் முகாமப் பாத்துக்கற அந்த எடம் காலி." நாற்காலியை அவன் பக்கம் தள்ளினேன். "காலியா இருந்துச்சு. இப்ப இல்ல. நேத்தே நம்ம பேரக் குடுத்துட்டேன். டாக்டர்கிட்ட ரெண்டு மாசம் லீவு கேட்டுக்கறேன்."

வெர்ன் உடனே ராய்ஸுக்குப் போன் போட்டு, அங்கே போய்த் தங்க அவனுடைய டிரெய்லர் வண்டியை இரவல் கேட்டான். ராய்ஸ் கொடுக்கிறானாம், அவனும் வருவானாம்.

மே 23

டிரை ஸ்பிரிங். இந்த வாரம் கொடியில் ஒன்பது ஜோடி சாக்ஸ். காற்றில் தட்டிக்கொள்கின்றன.

இன்று போர்ட்லாண்டிலிருந்து ஓர் ஆள் வந்தான். வண்டி நிறைய விறகு, அடுக்கின அழகே அழகு, மேலே துணி வேறு.

"வெளி வெறகு உள்ள வரக் கூடாதுங்க" என்றேன்.

"நானே பொளந்ததுங்க."

எனக்குப் பின்னால் வெர்ன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போய் அந்த ஆளின் தோளில் கை வைத்து, துணியை இழுத்து மூட உதவி செய்தான். "எனக்கும் இதே கதிதாங்க. அந்தம்மாகிட்ட வாதாடாதீங்க, ஜெயிக்க முடியாது."

சாயங்காலம் டிரெய்லர் படியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டான், "ஜூலைல வீட்டுக்குப் போறமா?"

"போகாம? பூச்செடியெல்லாம் என்ன ஆகறது? பாட்டுக் குழு வேற."

"சரி" என்றான், சாக்ஸை மடித்துக்கொண்டே. நிஜமாகவே சரி என்றுதான் சொன்னான். அதனால்தான் இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை: செப்டம்பர் மாதத்துக்கு ஆள் கிடைக்கவில்லையாம். காலையில் முகாம் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அப்போதிலிருந்து கை அரிக்கிறது.